வேலை தேடும் காலத்தில் பஸ்ஸும் ரயிலும்: ராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை இல்லாத நாட்களில் சாப்பாட்டுச் செலவை வீட்டோடு வீடாகச் சமாளித்துவிடலாம். பஸ் டிக்கெட்டை அப்படிச் சமாளிக்க முடியாது. நடத்துநர் கையை நீட்டினால் காசு கொடுத்தே ஆக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர் நீளம். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று ஊர்கள் கரையை ஒட்டி நீண்டு கிடக்கின்றன. நேர்காணலோ ராமநாதபுரத்திலும் மதுரையிலும் தூத்துக்குடியிலும் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும்போது, படகுக்குப் போகும் இளைஞர்களும் கரையில் வேலை தேடி அலைகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் வருமானமும் இருக்காது. "அவ்வளவு தூரம் போய் வேலை கிடைக்காவிட்டால் பஸ் காசு வீண்தானே" என்று நேர்காணலையே விட்டுவிடுகிறவர்களை இந்தக் கரையில் நிறையப் பார்க்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "வேலை தேடுபவர்" என்று ஓர் அட்டையை நீட்டினால் கட்டணம் குறையும் ஏற்பாடு எதுவும் அரசுப் பஸ்ஸில் இல்லை. ரயிலில் ஒரு காலத்தில் இருந்தது, நின்றுபோனது. இப்போது உள்ள சலுகைகள் வேறு வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன: பெண்களுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று, பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்கு ஒன்று, பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு ஒன்று. உங்களுக்குப் பொருந்துகிறவற்றை நீங்களேதான் பொறுக்கி எடுத்துச் சேர்க்க வேண்டும்.

படி 1: பெண்கள் நகரப் பேருந்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் என்பது அதன் பெயர். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் பின்னர் இது விரிவாக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவரா, தேடுகிறவரா, கல்லூரி மாணவியா என்று யாரும் கேட்பதில்லை. வருமானச் சான்றும் வேண்டாம், குடும்ப அட்டையும் வேண்டாம். வேலை தேடும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சலுகை இன்றைக்கு வேறு இல்லை. இதைச் சிலர் "ஓசிப் பயணம்" என்று முகம் சுளித்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அரசு தரும் உரிமை இது.

குழப்பம் எல்லாம் எந்தப் பஸ் என்பதில்தான். ராமநாதபுரம் பகுதி, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில் காரைக்குடி மண்டலத்தைச் சேர்ந்தது. இங்கே ஒரே சாலையில் டவுன் பஸ்ஸும், ரூட் பஸ் என்று நாம் சொல்லும் புறநகர்ப் பேருந்தும், விரைவுப் பேருந்தும், தனியார் பேருந்தும், மினி பஸ்ஸும் ஓடுகின்றன. இலவசம் முதல் வகைக்கு மட்டும்தான். வெள்ளைப் பலகை, கண்ணாடியில் ஒட்டிய மகளிர் பயண அறிவிப்பு, சில பேருந்துகளில் முகப்பின் இளஞ்சிவப்பு வண்ணம் ஆகியவை அடையாளங்கள். ஆனாலும் ஏறும்போதே "இது டவுன் பஸ்தானே?" என்று நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது. பாதி வழியில் தெரியவந்து டிக்கெட் எடுக்க நேர்ந்தால், கையில் காசில்லாதவருக்கு அது பெரிய சங்கடம்.

கட்டணம் இல்லை என்றாலும் பயணச்சீட்டு உண்டு. அதைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை வைத்திருங்கள். பரிசோதகர் ஏறினால் காட்ட வேண்டியது அதைத்தான்.

நகரப் பேருந்து தூரம் போகாது என்பது உண்மை. ஆனால் இரண்டு நகரப் பேருந்துகளைத் தொடுத்துப் போகலாம். ஒரு பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து அடுத்த நகரப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இதற்குக் கைபேசிச் செயலியைவிடப் பஸ் நிலையத்தில் அமர்ந்திருக்கும் நேரக் காப்பாளர் பயன்படுவார். உங்கள் ஊரிலிருந்து புறப்படும் டவுன் பஸ் நேரங்களையும், மாலையில் ஊருக்குத் திரும்பும் கடைசி டவுன் பஸ் நேரத்தையும் அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம், அதுவரை மிச்சப்படுத்திய எல்லாவற்றையும் தின்றுவிடும்.

இந்தச் சலுகை மாவட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. மதுரையில் இறங்கி நிறுவனம் இருக்கும் பகுதிக்குப் போகும் நகரப் பேருந்திலும், சென்னை மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்திலும் இதே இலவசம் உண்டு. கீழக்கரைப் பக்கத்துப் பெண் ஒருவர் நகரப் பேருந்தில் ராமநாதபுரம் வந்து, பயணிகள் ரயிலில் மதுரை போய், அங்கே மீண்டும் நகரப் பேருந்தில் ஏறினால், அவர் காசு கொடுக்க வேண்டியது நடுவில் உள்ள ரயிலுக்கு மட்டுமே.

படி 2: ஆண்கள் பஸ்ஸின் வகையைப் பார்த்து ஏறுங்கள்

எனக்கு வருத்தம் தரும் பகுதி இது. வேலை தேடும் ஆணுக்கு, அவர் மாற்றுத்திறனாளியாகவோ மாணவராகவோ இல்லாவிட்டால், பஸ்ஸில் சலுகை எதுவும் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைக் காட்டினால் பாதிக் கட்டணம் என்று ஓர் உத்தரவு வந்தால் இந்தக் கரையில் எத்தனையோ பேர் நேர்காணலுக்குப் போவார்கள். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை செய்யக்கூடியது, அதிகக் கட்டணப் பஸ்ஸைத் தவிர்ப்பது.

2018 ஜனவரி இறுதியில் திருத்தப்பட்ட கட்டணப்படி, சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, விரைவுப் பேருந்துக்கு 75 காசு. 100 கிலோமீட்டருக்கு 17 ரூபாய் வித்தியாசம், போய் வர 34 ரூபாய். அந்தப் பணத்தில் சான்றிதழ்களுக்கு நகல் எடுத்துவிடலாம். காலையில் அரை மணி நேரம் முன்னதாகப் புறப்பட முடிந்தால் சாதாரணப் பேருந்தே போதும். குறுகிய தூரத்தில் நகரப் பேருந்து இன்னும் மலிவு. வருகிற முதல் பஸ்ஸில் ஏறாமல், பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

சென்னைபோன்ற நெடுந்தூரப் பயணத்துக்கு அரசுப் பேருந்தில் முன்பதிவு செய்கிறவர்களுக்கு 2 சலுகைகள் உண்டு. போகவும் வரவும் சேர்த்து முன்பதிவு செய்தால் திரும்பும் பயணக் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். ஒரே மாதத்தில் 5 முறைக்கு மேல் முன்பதிவு செய்து பயணித்தால் 6-ஆவது பயணத்திலிருந்து 50 சதவீதம் குறையும். இரண்டாவது சலுகை வேலை தேடுகிறவருக்கு எட்டாத உயரம்தான். முதலாவதை விட்டுவிடாதீர்கள்.

படி 3: தண்டவாளம் உள்ள பக்கம் ரயிலை முதலில் பாருங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், சத்திரக்குடி, பரமக்குடி, மானாமதுரை, மதுரை. இந்த வரிசையில் எந்த நிலையத்துக்கு அருகில் நீங்கள் இருந்தாலும் பயணிகள் ரயிலின் நேரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சாதாரணப் பயணிகள் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், விரைவு ரயிலில் 30 ரூபாய். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பயணிகள் ரயிலில் போனால் பஸ் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு தீவில் இருப்பவர்கள் மண்டபம் வரை பஸ்ஸில் வந்து ரயிலேற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதால் தங்கச்சிமடம், பாம்பன், ராமேஸ்வரம் மக்களுக்கு அந்தச் செலவு குறைந்திருக்கிறது.

இனி நின்றுபோன அந்தச் சலுகை. நேர்காணலுக்குப் போகும் வேலையற்ற இளைஞர்களுக்கு ரயில்வேயில் கட்டணச் சலுகை முன்பு இருந்தது. 2020 மார்ச் 20 முதல் மாற்றுத்திறனாளிகளில் 4 பிரிவினர், சில நோயாளிகள், மாணவர்கள் தவிர மற்ற எல்லாச் சலுகைகளும் நிறுத்தப்பட்டன. வேலையற்றோர் சலுகையும் அதில் போய்விட்டது. பழைய செய்திகளையும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களையும் நம்பி, அழைப்புக் கடிதத்தோடு கவுன்ட்டரில் போய் நின்று ஏமாறாதீர்கள். சலுகை இருப்பதாக நினைத்து டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

தினமும் ஒரே ஊருக்குப் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட் இருக்கிறது. வேலை இருப்பவர்தான் சீசன் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. 150 கிலோமீட்டர் வரை யாரும் எடுக்கலாம். இரண்டாம் வகுப்பு மாத சீசன், ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணத்துக்கு மேல் போகாது. அதாவது மாதத்தில் 8 நாள் போய் வந்தாலே போட்ட பணம் வந்துவிடும். 3 மாத சீசன், மாத சீசனைப்போல 2.7 மடங்கு. பரமக்குடியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ ராமநாதபுரத்துக்குப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கோ, தட்டச்சு வகுப்புக்கோ தினமும் வருகிறவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். எப்போதாவது ஒரு நேர்காணலுக்குப் போகிறவருக்கு இது வேண்டாம். சீசனை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களுக்கு ரயில் இல்லை. இங்கிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் நேர் பஸ்ஸில் போகும் கட்டணத்தையும், ராமநாதபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று போகும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் வரை நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு இரண்டாவது வழி மலிவு. ஆண்களுக்கு இடையில் ஷேர் ஆட்டோ செலவு வந்தால் லாபம் குறைந்துவிடும்.

படி 4: அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்

உண்மையான பணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அழைப்புக் கடிதத்தில் தேதி, இடம், நேரம் மூன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பயணச் செலவு பற்றிய பத்தி கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

ரயில்வே தேர்வு வாரியத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்கு இலவச ரயில் பயண அனுமதி உண்டு. தேர்வு மையம் சென்னையிலோ கேரளத்திலோ விழுந்தாலும் இதனால் போய்வர முடியும். செய்ய வேண்டியது இது: விண்ணப்பிக்கும்போதே இலவசப் பயணம் வேண்டும் என்று குறிப்பிட்டுச் சாதிச் சான்றைப் பதிவேற்ற வேண்டும். தேர்வுக்குச் சுமார் 10 நாள் முன்பு எந்த ஊர் என்ற அறிவிப்பும் பயண அனுமதியும் இணையத்தில் வரும். அதை அச்சிட்டு, சாதிச் சான்றின் கையொப்பமிட்ட நகலோடு ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். 10 நாளில் இருக்கை கிடைப்பது கடினம் என்பதால் அறிவிப்பு வந்த அன்றே போய்விடுங்கள். பயணத்தின்போது அசல் சாதிச் சான்றும் அழைப்புக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். பரிசோதகர் கேட்டு அவை இல்லையென்றால் டிக்கெட் இல்லாதவராகவே கணக்கிடுவார். விண்ணப்பத்தை இணைய மையத்தில் கொடுத்து நிரப்புகிறவர்கள், இந்தக் கட்டத்தைத் தாங்களே கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அங்கே தவறவிட்டால் பிறகு கேட்டு வாங்க முடியாது.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (யு.பி.எஸ்.சி.) நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பு அல்லது படுக்கை வகுப்பு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் நேர்காணலுக்கு வருகிறவர்களுக்குப் பயணப்படி தருகின்றன. அதற்கு டிக்கெட் வேண்டும். போன டிக்கெட்டையும் வந்த டிக்கெட்டையும் கசங்காமல் ஓர் உறையில் வையுங்கள். கைபேசியில் எடுத்த டிக்கெட்டை உடனே படம் எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் கொண்டு போங்கள்.

தனியார் நிறுவனம் வெளியூருக்கு அழைத்தால், முதல் சுற்றைக் கைபேசிக் காணொலியில் நடத்த முடியுமா, பயணச் செலவு தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இப்படிக் கேட்டால் வேலை தர மாட்டார்கள் என்ற பயம் நம்மிடம் இருக்கிறது. மரியாதையாகக் கேட்கும் கேள்விக்காக யாரும் ஆளை ஒதுக்குவதில்லை. "இந்த எண்ணுக்கு முன்பணம் அனுப்புங்கள், பயணச் செலவையும் சேர்த்துத் திருப்பித் தருகிறோம்" என்று சொன்னால் மட்டும் அங்கே போகவே வேண்டாம். அது ஏமாற்று வேலை.

படி 5: மாற்றுத்திறனாளிகள்

அடையாள அட்டை இருந்தால் நகரப் பேருந்தில் இலவசம். அரசுப் புறநகர்ப் பேருந்தில் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டும் செலுத்தினால் போதும். ரயிலில் பார்வையற்றோர், அறிவுசார் குறைபாடுள்ளோர், துணையின்றிப் பயணிக்க முடியாத உடல் இயக்கக் குறைபாடுள்ளோர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதச் சலுகை. பேச்சும் செவித்திறனும் இரண்டும் இல்லாதோருக்கு 50 சதவீதம். துணைக்கு வருகிறவருக்கும் இதே சலுகை உண்டு. ரயில்வேயின் தனி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்; நம் பகுதி மதுரைக் கோட்டத்தில் வருகிறது.

படி 6: உதவித்தொகையைப் பயணக் கணக்கில் வையுங்கள்

ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையத்தில் பதிவு செய்து 5 ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. வயது 40-க்குள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45-க்குள். 3 ஆண்டுகள் வரை கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஓராண்டு ஆனாலே போதும், தொகையும் கூடுதல். இந்தத் தொகையை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஊரில் ஒரு வதந்தி உண்டு. மூப்பு பாதிக்கப்படாது.

600 ரூபாய் ஒரு குடும்பத்தை நடத்தாதுதான். ஆனால் சாதாரணப் பேருந்துக் கட்டணத்தில் 100 கிலோமீட்டர் தூரமுள்ள ஊருக்கு 5 முறை போய் வரலாம். அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்காமல், பயணத்துக்கென்றே தனியாக வைப்பது நல்லது. வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லி, ஒத்துக்கொள்ள வைத்துவிடுங்கள். பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் காத்திருந்த காலம் வீணாகிவிடும்.

வயதும் மனமும் இடம் கொடுத்தால் அரசு ஐ.டி.ஐ.யில் சேருவதையும் யோசியுங்கள். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இருக்கின்றன. ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. இலவசப் பஸ் பயண அட்டையோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கிறது. பஸ் சலுகை இல்லாத ஆண்களுக்கு, சட்டப்படி இலவசமாகப் பயணிக்கத் திறந்திருக்கும் வழி இதுதான். கையில் ஒரு தொழிலும் வரும்.

படி 7: போகத் தேவையில்லாத ஊருக்குப் போகாதீர்கள்

வேலைவாய்ப்புப் பதிவு, கூடுதல் தகுதி சேர்ப்பது, புதுப்பிப்பது எல்லாம் இணையத்திலேயே முடியும். இதற்காகச் சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் வர வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பழக்கத்தில் மதுரை என்று போடாமல், பட்டியலில் ராமநாதபுரம் இருக்கிறதா என்று பாருங்கள். குரூப் 4 தேர்வுக்கு வட்ட அளவிலேயே மையங்கள் உண்டு. மதுரைக்குப் போய் வரும் செலவும், முந்தைய இரவு தங்கும் செலவும் இந்த ஒரே தேர்வில் மிச்சமாகும்.

வெளியூர் போயே ஆக வேண்டும் என்றால் ஒரே நாளில் பல வேலைகளைச் சேருங்கள். வேலைவாய்ப்பு மையத்தில் தனியார் நிறுவனங்கள் ஆள் எடுக்க வரும் நாளைத் தெரிந்துகொண்டு, சாதிச் சான்று, வருமானச் சான்று போன்ற வேலைகளையும் அதே நாளில் வையுங்கள். அங்கே போட்டித் தேர்வுகளுக்காக நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்பு விவரத்தையும் அன்றைக்கே கேட்டு வந்துவிடலாம்.

படி 8: சலுகை மறுக்கப்பட்டால்

நகரப் பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போனாலோ, இலவசப் பயணச்சீட்டு தர மறுத்தாலோ, தரக்குறைவாகப் பேசினாலோ அங்கேயே சண்டையில் இறங்காதீர்கள். நேர்காணலுக்குப் போகும் மனநிலை கெட்டுவிடும். பஸ்ஸின் பதிவு எண், தடம், நேரம், நிறுத்தத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்தபின் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் 1800 599 1500 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம், அல்லது பணிமனை மேலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். ரயில் தொடர்பாக 139. ஒரே நிறுத்தத்தில் பஸ் திரும்பத் திரும்ப நிற்காமல் போகிறது என்றால் தனியாக எழுதாமல், அங்கே ஏறும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, மக்கள் குறைதீர் நாளான திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.